கூண்டைத் திறந்த பிறகு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூமியைச் சித்திரை மாதத்து நடுப்பகலில் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். காடுகளில் அறுவடை முடிந்து மண் வெடித்துக் கிடக்கும். கண்மாயின் அடிவயிறு பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். அந்த வேளையில் பரளச்சி போன்ற ஓர் ஊருக்குள் நுழைந்தால் தெருவில் மனிதரைக் காண்பது அரிது. ஆனால் பழைய ஓட்டு வீடு எதிலாவது போய் உட்கார்ந்தால், தலைக்கு மேல் ஒரு குடும்பத்தின் பேச்சுக் குரல் கேட்கும். உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் சிட்டுக்குருவி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அதை ஒருவரும் அழைக்கவில்லை. ஒருவரும் அடைக்கவும் இல்லை. வருகிறது, துரும்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது, முற்றத்தில் காயும் தானியத்தில் தன் பங்கை உரிமையோடு எடுத்துக்கொள்கிறது, போகிறது.

பரளச்சியில் நம் உறவினர் வீடு ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன், கோடை விடுமுறைக்கு நாம் குழந்தைகளோடு அங்கே போயிருந்தபோது, இத்தகைய ஒரு குருவிக்கூட்டுக்குக் கீழே ஒரு கம்பிக்கூண்டு தொங்கியது. அதனுள் பச்சை நிறத்தில் ஒன்றும் நீல நிறத்தில் ஒன்றுமாக இரண்டு சிறு கிளிகள். நம் நாட்டில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் பறவைகள்தாம். அந்த வீட்டுப் பையன் ஆசைப்பட்டுக் கேட்க, அவனுடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்திருந்தார்.

வீட்டு அப்பத்தா எண்பது பிராயம் கடந்தவர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மேலேயும் கீழேயும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "ஏண்டா அய்யா, மேலே இருக்கிறதும் குருவிதான், கீழே இருக்கிறதும் குருவிதான். அதுக்கு இல்லாத பூட்டு இதுக்கு மட்டும் எதுக்குடா?" என்று கேட்டார்.

குழந்தைகளுக்கு இதைவிட வேறு உத்தரவு வேண்டுமா? கூண்டின் கதவு திறந்தது. பெரியவர்களாகிய நாமும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தோம். இரண்டு பறவைகளும் முதலில் வாசலில் தயங்கின. பிறகு ஒரே வீச்சாகக் கிளம்பிக் கூடத்தைச் சுற்றின. குழந்தைகள் கைதட்டினார்கள். கூடத்தின் நடுவில், நம் தலைக்கு மேல், மின்சார விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அது சுழல்வதை அந்த அறையில் ஒருவராவது நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பச்சைக் குருவி தரையில் விழுந்தது. நீலக் குருவி நிலைப்படியின் மேல் ஒண்டிக்கொண்டு நடுங்கியது.

அப்பத்தா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குழந்தைகள் அன்று இரவு சாப்பிடவில்லை. பிழை குழந்தைகளுடையதும் அன்று, அப்பத்தாவினுடையதும் அன்று. விசிறிக்குக் கீழே சௌகரியமாக உட்கார்ந்திருந்த நம்முடையது. வீட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைக்காமல் வளர்க்க முடியுமா என்று நேயர்கள் பலர் யோசித்திருப்பார்கள். முடியும். ஆனால் கூண்டைத் திறப்பதற்கு முன் செய்து முடிக்கவேண்டிய காரியங்கள் பல உண்டு. அவற்றை ஓர் உயிரைக் கொடுத்து அறிந்துகொண்டோம் என்ற வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

எந்தப் பறவையை வளர்க்கலாம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். கூண்டில் என்றாலும் சரி, கூண்டில்லாமல் என்றாலும் சரி, நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. மைனா, சில்லை முதலிய காட்டுப் பறவைகளுக்கும் இதுவே விதி. இந்தியப் பறவைகளைப் பிடித்து விற்கும் வியாபாரம் 1990-91-ஆம் ஆண்டு முதல் அடியோடு தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் சந்தைகளில் ரகசியமாக விற்கிறார்கள். 'குழந்தை ஆசைப்படுகிறது' என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மரப்பொந்திலிருந்து குஞ்சைத் திருடிக்கொண்டு வந்து இறக்கையை வெட்டி விற்பதுதான் இந்த வியாபாரம் என்பதை அறிந்தால், எந்தத் தாயும் தன் குழந்தைக்கு அதை வாங்கித் தரமாட்டாள். ஏற்கெனவே அப்படிப்பட்ட கிளி வீட்டில் இருந்தால் அதை வனத்துறையாரிடம் ஒப்படைப்பதே முறை. இறக்கை வெட்டப்பட்ட கிளியை நாமாகத் தோட்டத்தில் விட்டுவிட்டால் அன்று மாலைக்குள் பூனையின் வாயில் போய்விடும்.

2015 மே மாதத்தில் டில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், வானத்தில் பறப்பது பறவைகளின் அடிப்படை உரிமை என்றும், வியாபாரத்துக்காக அவற்றைச் சிறு கூண்டுகளில் அடைக்க மனிதருக்கு உரிமை கிடையாது என்றும் கருத்துத் தெரிவித்தது. நீதிமன்றம் சொன்னதை நம் அப்பத்தாவும் தம் பாஷையில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வீட்டில் வளர்ப்பதற்கு எஞ்சியவை எவை? அயல்நாடுகளில் தோன்றி, பல தலைமுறைகளாக மனிதர் வீட்டிலேயே பிறந்து வளரும் பறவைகள். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் பட்ஜரிகர், கொண்டையுள்ள காக்கடீல், ஜீப்ரா பிஞ்ச் என்ற சிறு குருவி ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. உண்மையான லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்கக் கிளி, அது வேறு. மக்காவ் என்ற பஞ்சவர்ணக்கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவை சர்வதேச உடன்படிக்கையின் அட்டவணையில் உள்ளவை. அவற்றை வைத்திருப்பவர்கள் 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படியும், 2024-ஆம் வருஷத்து விதிகளின்படியும் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

"அயல்நாட்டுப் பறவையானாலும் பறவை பறவைதானே! அதையும் வானத்தில் விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். இரக்கத்தினால் எழும் கேள்விதான். ஆயினும் பதில் வருத்தந் தருவதாகும். பட்ஜரிகர் அவுஸ்திரேலியக் கண்டத்தின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. அங்கே அது பெருங்கூட்டங்களாக மழையைத் தேடிப் பறந்துசெல்லும். மழை பெய்து புல் விதைத்த இடத்தில் முட்டையிடும். ஒருவகையில் அதுவும் வானம் பார்த்த பூமியின் குடிமகன்தான். பரளச்சிச் சம்சாரிக்குத் தூரத்து உறவு. 1840-இல் ஜான் கூல்டு என்ற பறவை நூலார் அதை இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுசென்றார். அது முதல் உலகமெங்கும் கூண்டுகளில் இனம் பெருக்கினார்கள். மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாக நிறங்கள் பெருகின. இன்று நம் கடைகளில் உள்ள பறவையின் பாட்டனுக்குப் பாட்டனும் கூண்டில் பிறந்ததுதான். எங்கே தண்ணீர், எது எதிரி என்று கற்றுக்கொடுக்க அதற்குக் கூட்டமும் இல்லை, தாயும் இல்லை. வெளியே விட்டால் காக்கையும் வைரியும் அதைச் சும்மா விடாது. ஆகவே அதற்கு நாம் கொடுக்கக்கூடிய வானம், நம் வீட்டுக் கூரையின் கீழுள்ள வானம் ஒன்றுதான்.

திருச்சுழியில் பிறந்தவரின் வழி

பரளச்சியை அடுத்த திருச்சுழி, ஸ்ரீ ரமண மகரிஷிகள் 1879 டிசம்பர் 30-இல் அவதரித்த ஊர். 1896-இல் திருவண்ணாமலைக்குச் சென்றவர், 1950-இல் மறையும் வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அவருடைய ஆசிரமத்தில் பசு, குரங்கு, அணில், மயில் எல்லாம் கட்டுத்தளை இன்றி வாழ்ந்ததை அனைவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அணில்கள் அவர் அமர்ந்திருந்த மஞ்சத்திலேயே ஏறி வந்து அவர் கையிலிருந்து பருப்பை வாங்கிச் சாப்பிடுவது வழக்கம்.

பக்தி நூல்களில் இதையெல்லாம் அதிசயமாகச் சொல்வார்கள். நம் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு நிகழ்ச்சி. 1947-இல் பரோடா ராணியார் ஒரு வெள்ளை மயிலை ஆசிரமத்துக்கு அனுப்பிவைத்தார். எல்லோரும் அதன் அழகைக் கண்டு மகிழ்ந்தபோது, மகரிஷிகள் கவலைப்பட்டார். இங்கே ஏற்கெனவே இருக்கும் வர்ண மயில்கள் இதனோடு சண்டைக்கு வருமே, பூனைகளிடமிருந்து இதைக் காப்பாற்ற வேண்டுமே, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன, என்று கேட்டார். பிறகு மயில் ஆசிரமத்திலேயே தங்கியது. அதைக் கவனித்துக்கொள்ள ஆளும் ஏற்பட்டது.

எல்லா உயிரிடத்தும் ஓர் உயிரையே கண்டவர் அவர். அவருக்கே முதலில் தோன்றியது பூனையைப் பற்றிய நினைவு. அன்பு என்றால் கதவைத் திறந்து விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என்று அவர் கருதவில்லை. நாம் பரளச்சியில் விசிறியைப் பார்க்கத் தவறிய அன்று, பக்கத்து ஊரில் பிறந்த பெரியவரின் இந்தக் கேள்வி நினைவுக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நிற்க. மயிலை வளர்க்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். 1963 முதல் அது நமது தேசியப் பறவை; சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. கரிசல் காடுகளில் இன்று அது தானாகவே உலாவுகிறது. அதைக் காண மயில்கூண்டு தேவையில்லை. காலையில் எழுந்தால் போதும்.

வீட்டுக்குப் பயிற்சி

பறவையைப் பழக்குவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டைப் பழக்குவதே முதற்காரியம். பரளச்சி வீட்டில் எஞ்சிய நீலக் குருவிக்காக அந்தக் குடும்பத்தார் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறோம்.

வீடு முழுவதையும் பறவைக்குத் திறந்துவிடுவது என்ற எண்ணத்தை முதலில் கைவிட்டார்கள். கூடத்தை அடுத்த ஓர் அறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அறையின் மேல்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். 'பறவை வெளியே இருக்கும்போது நிறுத்திக்கொண்டால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. வெயிலில் வந்த விருந்தாளி அறைக்குள் நுழைந்ததும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கழற்றிய விசிறிக்குத்தான் மறதி கிடையாது. காற்று வேண்டுமானால் நெருக்கமான கம்பி வலை போட்ட மேஜை விசிறி இருக்கிறது.

அடுத்தது ஜன்னல். கண்ணாடி என்ற பொருளைப் பறவை அறியாது. அதற்கு அது வெறும் வெளி. முழு வேகத்தில் போய் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். கண்ணாடிக்குத் திரை போடவேண்டும். அல்லது சில வாரங்களுக்குக் காகிதத் துண்டுகளையாவது ஒட்டிவைக்கவேண்டும். நிலைக்கண்ணாடிக்கும் ஒரு துணி போர்த்திவிடுவது நல்லது. திறந்த ஜன்னலுக்கு இரும்பு வலை அடிக்கவேண்டும். கொசுவலைத் துணி கிளியினத்தின் அலகுக்கு ஈடுகொடாது. பூனையும் கிராமத்தில் சாரைப்பாம்பும் நுழையாதபடி காப்பதற்கும் அந்த இரும்பு வலையே துணை.

மூன்றாவது தண்ணீர். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் எந்த வீட்டிலும் அண்டாவும் குடமும் வாளியும் நிறைத்து வைத்திருப்பார்கள். விளிம்பில் உட்கார்ந்து குனிந்து குடிக்கப்போகும் சிறு பறவை உள்ளே விழுந்தால் ஏற முடியாது. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள உடல்; நனைந்த இறகோடு சில நிமிஷங்கள்கூடத் தாங்காது. மூடியில்லாத பாத்திரம் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

நான்காவது அடுப்பங்கரை. பறவை அங்கே போகவே கூடாது. கொதிக்கும் எண்ணெயும் நெருப்பும் எல்லோரும் அறிந்த ஆபத்துக்கள். அறியாத ஆபத்து ஒன்று உண்டு. நான்ஸ்டிக் என்று விற்கும் தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புகை எழும். நமக்கு ஒருகால் தலைவலியோடு போய்விடலாம். அடுத்த அறையிலுள்ள பறவை சில நிமிஷங்களில் இறந்து விழும். பறவையின் சுவாசம் நம்முடையதைப் போன்றதன்று. நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு வேண்டிய பலம் இதனால் கிடைக்கிறது. விஷமும் இதே வழியில் விரைவாக ஏறுகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய 1986 வரை கானரிக் குருவிகளைக் கொண்டுபோனார்கள். குருவி மயங்கினால் மனிதர் தப்பி ஓடினார்கள். நம் வீட்டுக் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் பூச்சிமருந்தும் அந்தச் சுரங்கத்து வாயுவின் சிறு சகோதரர்களே. பறவை இருக்கும் அறையில் இவற்றுக்கு இடமில்லை.

மின்சாரக் கம்பிகளையும் உதிரும் பழைய சாயத்தையும் அலகு எட்டாதபடி மறைக்கவேண்டும். கிளியினம் எதையும் கடித்துப் பார்க்காமல் விடாது. வெண்ணெய்ப்பழம் என்ற அவகாடோ, சாக்லேட், காப்பி, உப்புப் பண்டம் இவை பறவைக்கு நஞ்சு. பிரியத்தினால் ஒரு துணுக்கு ஊட்டுவதும் பகைவனின் காரியமாகவே முடியும். அரளிக் கொத்தை ஜாடியில் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் அதையும் அறையிலிருந்து நீக்கவேண்டும்.

கடைசியாகக் கதவு. பறவை தப்பிப் போவதெல்லாம் பெரும்பாலும் கதவு வழியாகத்தான். பரளச்சி வீட்டில் அறைக் கதவுக்கு உட்புறம் கனத்த திரை ஒன்று தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதை விலக்கவேண்டும் என்பது விதி. உள்ளே போகிறவர் முதலில் பறவைகளை எண்ணவேண்டும். கட்டிலிலும் நாற்காலியிலும் உட்காருமுன் பார்த்து உட்காரவேண்டும். தரையில் காலைத் தேய்த்து நடக்கவேண்டும். இந்த விதிகளை நிறைவேற்றும் அதிகாரம் அந்த வீட்டின் பத்து வயதுப் பெண்ணிடம் இருக்கிறது. அவளுடைய தகப்பனாரே அவளிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகிறார்!

சிறையும் வீடும்

இவ்வளவும் செய்த பிறகு கூண்டை எறிந்துவிடலாமா என்றால், கூடாது. கூண்டைச் சிறையாக்குவது அதன் கம்பிகளன்று, பூட்டுத்தான். பூட்டை எடுத்துவிட்டுக் கூண்டை அறையின் ஒரு மூலையில், பறவை இறக்கையை விரித்து அசைக்கும் அளவுக்குப் பெரிதாக வைத்தால், அது பறவையின் வீடாகிவிடுகிறது. உணவும் தண்ணீரும் அதனுள்ளேயே இருக்கவேண்டும். பசித்த பறவை தானாகத் திரும்பும். மாலை வெளிச்சம் குறையும்போது தூங்கவும் அங்கேயே போகும். துண்டை வீசித் துரத்திப் பிடிப்பவர்கள் ஒரு நாளில் சம்பாதித்த பகையை ஒரு மாதத்திலும் தீர்க்கமுடியாது.

நீலக் குருவிக்கு ஒரு புதிய துணை தேடினார்கள். கூட்டமாக வாழும் இனம் தனியே இருந்தால் ஏங்கிவிடும். முதல் சில நாட்கள் கூண்டுக்கு அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது மட்டுமே. பிறகு கையில் தினைக்கதிரை வைத்துக்கொண்டு காத்திருப்பது. கைக்கு வரத் தொடங்கிய பின் முதல் நாள் கால் மணி நேரம் கதவைத் திறந்தார்கள். மெல்ல மெல்ல அதை அரைநாள் ஆக்கினார்கள். ஆளில்லாத வேளையில் மட்டும் கதவு சாத்தப்படுகிறது. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். அந்த அறையில் தொலைக்காட்சிப் பெட்டியை வைக்கலாகாது.

கரிசல் நாட்டுக் கோடைக்குத் தனிக் கவனம் வேண்டும். பறவைக்கு வியர்வை கிடையாது. அலகைத் திறந்து இளைத்தும் இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்துமே சூட்டை ஆற்றிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் கண்டால் உடனே நிழலுக்கு மாற்றி, குளிர்ந்த தண்ணீர் வைத்து, குளிக்க ஆழமற்ற தட்டில் நீர் ஊற்றிவைக்கவேண்டும். வாடிய பறவை நோயை வெகுநேரம் மறைக்கும் இயல்புடையது. அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு உணவில்லாமல் உட்கார்ந்திருக்கக் கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும்.

'இறக்கையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் இவ்வளவு தொல்லை இல்லையே!' என்று விற்பவர் யோசனை சொல்வார். வெட்டினால் பறவை விசிறிவரை எட்டாது என்பது உண்மை. ஆனால் பூனை பாய்ந்தால் தப்பவும் அதனால் முடியாது. உயரத்திலிருந்து கல்லைப்போல் விழுந்து மார்பைப் பிளந்துகொள்ளும். காலை ஒடித்துவிட்டு 'இனி இவன் ரயிலில் அடிபடமாட்டான்' என்று சொல்வதை நாம் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்வோமா?

நம்முடைய சுகாதாரத்தையும் மறந்துவிடக்கூடாது. பறவைகள் உட்காரும் கொம்புகளின் கீழே காகிதம் விரித்து நாள்தோறும் மாற்றவேண்டும். எச்சத்தை உலரவிட்டுப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் சுவாச நோய் ஒன்று உண்டு. 1929-30-இல் அது பல தேசங்களில் பரவி உயிர்களைக் கொள்ளைகொண்டது. இன்று அதற்கு மருந்து இருக்கிறது. ஆயினும் பச்சைக் குழந்தை, கர்ப்பிணி, இழுப்பு நோயாளி உள்ள வீட்டார் பறவையைப் படுக்கையறையில் பறக்கவிடாதிருப்பதே விவேகம்.

தாமாக வரும் விருந்தினர்

இதையெல்லாம் படித்துவிட்டு, "இவ்வளவு ஏற்பாடு நம்மால் ஆகாது" என்று சில நேயர்கள் பெருமூச்சு விடலாம். அவர்கள் வெட்கப்படவேண்டியதில்லை. ஆகாது என்று அறிந்து பறவையை வாங்காமலிருப்பதும் பறவைக்குச் செய்யும் உபகாரமே. அவர்கள் வீட்டுக்கும் பறவை வரலாம். விலை கொடுக்கவேண்டாம், பதிவு செய்யவேண்டாம், கூண்டும் வேண்டாம். உத்திரத்துச் சிட்டுக்குருவியைத்தான் சொல்லுகிறோம்.

குறுந்தொகையைப் பாடிய புலவர்கள் காலத்திலேயே அது மனிதர் மனையில் உறையும் பறவையாக இருந்தது. இன்று அதற்கு இடம் தருவாரில்லை. காரை வீட்டில் ஓட்டுச் சந்து இல்லை. தெருவில் தானியம் புடைப்பாரும் குறைந்தார்கள். குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி வேண்டுமே, அதையும் மருந்தடித்துக் கொல்கிறோம். ஒரு சிறு மரப்பெட்டி போதும். ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு துளையிட்டு, நேர் வெயில் படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில் மாட்டிவைத்தால், இன்றில்லாவிட்டாலும் அடுத்த பருவத்தில் ஒரு குடும்பம் வந்து சேரலாம். பெட்டியை வீட்டுக்குள் மாட்டுகிறவர்கள் விசிறியை மறக்கவேண்டாம் என்று மறுபடியும் கைகூப்பிச் சொல்லுகிறோம்.

இதற்காகச் சிறிது சிரமப்படத் தயங்காத தமிழ் மக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு சிற்றூர். 2020-ஆம் வருஷம் அவ்வூர்த் தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசினார்கள். குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை விளக்கே வேண்டாம் என்று தீர்மானித்து, ஒரு மாதத்துக்கு மேல் ஊர் முழுவதும் இருட்டில் நடமாடினார்கள். ஒரு பறவைக்காக ஓர் ஊரே தெருவிளக்கை அணைத்து வைத்தது என்றால், ஒரு வீட்டில் ஒரு விசிறியை நிறுத்துவது எம்மாத்திரம்!

இதே கரிசல் சீமையில், எட்டயபுரத்தில், 1882-இல் பிறந்த பாரதியார் புதுச்சேரியில் வறுமையோடு வாழ்ந்தபோது, சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு ஆனந்தப்பட்ட கதையைத் தமிழர் அனைவரும் அறிவார்கள். கவியின் களிப்பை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அன்று மத்தியானம் உலையில் எதைப் போடுவது என்று செல்லம்மாள் பட்ட கவலையையும் சேர்த்து நினைப்பது நலம். பறவைக்கு நாம் கொடுக்கும் சுதந்திரத்துக்கு வீட்டில் யாராவது ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதை மனமுவந்து கொடுக்கும் வீட்டில்தான் பறவையும் பிழைக்கிறது.

சென்ற கோடையில் மறுபடியும் பரளச்சிக்குப் போயிருந்தோம். அறைக்குள் நீலக் குருவியும் அதன் துணையும் திரைக்கம்பியின் மேல் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தன. கூடத்தில் தாங்கமுடியாத வெக்கை. நாம் வழக்கம்போல் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனோம். சுவிட்சின் மேல் ஒரு துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"மேலே குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னும் பத்து நாளைக்குக் காத்தாடி கிடையாது, சாமி. இந்தா, இதை வச்சுக்க" என்று சொல்லி, அப்பத்தா தம் கையிலிருந்த பனையோலை விசிறியை நம்மிடம் நீட்டினார்.